காது கேட்காதவர்களுக்கு ஒரு போன்

அவள் படித்த படிப்பின் பெயரை வீட்டில் யாராலும் ஒரே மூச்சில் சொல்ல முடிந்ததில்லை. சமூகத் தொழில்முனைவு. அம்மா அதை "சேவை" என்பாள். அண்ணன் "ஏதோ பிசினஸ்" என்பான். அண்ணி இரண்டையும் சேர்த்து "லாபம் இல்லாத பிசினஸ்" என்று முடித்துவிடுவாள், உண்மைக்குக் கிட்டத்தில் இருந்ததும் அதுதான். அப்பா எதுவும் சொன்னதில்லை. அச்சகத்தில் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே நின்று காலம் தள்ளியதில் அவருக்குக் காது போய்ப் பல வருடம் ஆகியிருந்தது. மகள் பெரிய படிப்புதான் படிக்கிறாள் என்பதை அவள் தூக்கிக்கொண்டு போகும் பையின் கனத்தைப் பார்த்தே அவர் தெரிந்துகொண்டார்.

அந்த இரண்டு வருடத்தில் அவள் கற்றுக்கொண்டது கொஞ்சநஞ்சமில்லை. சுவர் முழுக்கக் கலர் காகிதம் ஒட்டி அதற்குத் திட்டம் என்று பெயர் வைப்பது. யாரிடமும் கூச்சமில்லாமல் உதவி கேட்பது. மூன்றே நிமிடத்தில் ஒரு பணக்காரரின் மனதைக் கரைப்பது; அதற்கு முதல் வாக்கியத்திலேயே யாராவது ஒருவருடைய கஷ்டத்தை வைக்க வேண்டும், கூடவே ஒரு போட்டோவும் இருந்தால் உத்தமம். கடைசி பெஞ்சுக்காரர்களையும் தூங்கவிடாத ஒரு பேராசிரியை மட்டும், "கேள்வி கேட்டீங்கன்னா, அப்புறம் வாயை மூடிக்குங்க. அதுதான் உங்களுக்கு வராது" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் அதை அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டு, பக்கத்தில் இருந்தவரிடம் பேசப் போய்விட்டார்கள். இவளும்தான்.

வீட்டில் அவளுக்குத் "தாக்கம்" என்று பெயர் விழுந்ததும் அந்த நாட்களில்தான். அண்ணன் புது மின்விசிறி வாங்கி வந்தபோது, இதனால் ஏற்படப்போகும் தாக்கம் என்ன என்று கேட்டுவைத்தாள். "காத்து" என்றான் அண்ணன்.

படிப்பு முடிந்ததும் கூடப் படித்த மூன்று பேரோடு சேர்ந்து ஒரு நிறுவனம் தொடங்கினாள். பெரியவர்கள் பயன்படுத்தாமல் விட்டுப்போன காது மெஷின்களைச் சேகரித்து, பழுது பார்த்து, வாங்க வசதியில்லாதவர்களுக்குக் கொடுப்பது வேலை. நல்ல வேலைதான், அதில் நமக்கு ஒரு குறையும் இல்லை. நாலு பேரில் ஒருவன் முந்திக்கொண்டு தன் விசிட்டிங் கார்டில் "நிறுவனத் தலைவர்" என்று அடித்துக்கொண்டான். மற்ற மூவரும் அவனைத் தலைவர் என்றே கூப்பிட்டு வெறுப்பேற்றினார்கள். அவன் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டான்.

முதல் மெஷின் அவள் அப்பாவுக்குத்தான். மாட்டிவிட்ட அன்றே தலைவர் போட்டோ எடுத்தான். படத்தில் அப்பாவின் கண்கள் கலங்கியிருந்தன. "பல வருடங்களுக்குப் பிறகு மகளின் குரலைக் கேட்கிறார் ஒரு தந்தை" என்று கீழே எழுதி அதையே நிறுவனத்தின் கையேட்டுக்கு அட்டைப்படமாகப் போட்டார்கள். பார்த்தவர்கள் எல்லோரும் கைக்குட்டையைத் தேடினார்கள். பிஸ்கட் கம்பெனி முதலாளியம்மா ஒருவர் அந்தப் படத்தைப் பார்த்தே ஒரு வருடத்துக்கு நிறுவனத்தின் செலவைத் தாங்குவதாக ஒப்புக்கொண்டார். இரண்டு நாள் கழித்து அப்பா பேட்டரி போய்விட்டது என்று சொல்லி மெஷினைக் கழற்றினார். அவள் புது பேட்டரி கொடுத்தாள். அவர் இரண்டையும் சேர்த்துத் தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் போட்டு மூடினார். அவளுக்கு அதைக் கவனிக்க நேரமில்லை, ஊரிலுள்ள செவிடர்களை எல்லாம் அவள் கரையேற்ற வேண்டியிருந்தது.

மெஷின் கொடுத்து ஒரு மாதமானதும் வாங்கியவரைக் கூப்பிட்டு அவர் கருத்தைக் கேட்பது என்று ஒரு முறை வைத்திருந்தார்கள். எப்படிக் கூப்பிட்டார்கள் என்றால், போனில். காது கேட்காதவர்களுக்குப் போன். நாலு பேரும் பட்டம் வாங்கியவர்கள், ஒருவருக்காவது உறைக்க வேண்டுமே. போனை எடுத்ததெல்லாம் மகன்களும் மருமகள்களும். அப்பாவுக்குத் திருப்தியா என்றால் ரொம்பத் திருப்தி என்பார்கள், அம்மா தினமும் போட்டுக்கொள்கிறார்களா என்றால் கழற்றுவதே இல்லை என்பார்கள். அத்தனை பேரும் திருப்தி. தன் அப்பா விஷயத்தில் அவள் அந்தப் போனைக்கூடப் போடவில்லை. "மிகுந்த திருப்தி" என்று தானே பதில் எழுதிக்கொண்டாள்.

வருடம் முடிந்தது. அடுத்த வருடமும் தாங்க வேண்டுமானால், மெஷின் வாங்கியவர்களின் வீட்டுக்குப் போய்த் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று முதலாளியம்மா சொல்லிவிட்டார். அவர் கையை விரித்தால் நிறுவனத்தை இழுத்து மூட வேண்டியதுதான். தலைவர் அவளிடம், முன்னாலேயே போய் நாலு வீட்டைத் தயார் செய்துவைக்கச் சொன்னான். தயார் செய்வது என்றால் என்ன என்று அவள் கேட்கவில்லை. அதுவும் படிப்பில் வந்ததுதான்.

முதல் வீடு ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டருடையது. மெஷின் அலமாரியில் ஒரு காலுறைக்குள் இருந்தது. இரண்டாவது வீட்டுத் தையற்கார அம்மாள் அதைப் பொத்தான் டப்பாவிலிருந்து துழாவி எடுத்தாள். அடுத்த இரண்டு வீட்டிலும் அது கிடைக்கவே நேரமாயிற்று. கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில், பேட்டரி. அவள் மறுபடி தையற்கார அம்மாளிடமே போய் எதிரில் உட்கார்ந்து, உதடு தெரியும்படி நிதானமாக ஏன் என்று கேட்டாள். அப்போதுதான் பேராசிரியை சொன்னது நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டாள். அவளுக்கு அது லேசான காரியமில்லை, நாக்கைக் கடித்துக்கொண்டுதான் உட்கார வேண்டியிருந்தது.

தையற்கார அம்மாள் ஊசியில் நூலைக் கோத்து, இரண்டு பொத்தான் தைத்து முடித்தபின் சொன்னாள்: "போட்ட அன்னைக்கே மருமக என்னைப் பத்தி அவ அம்மாகிட்ட போன்ல பேசினா. என் எதிர்ல உக்காந்துதான் பேசினா. இத்தனை நாளும் அப்படித்தான் பேசியிருப்பா போல. காது கேக்காத வரைக்கும் அவ நல்ல பொண்ணா இருந்தா."

அடுத்துப் போய்க் கேட்டபோது கண்டக்டர் இன்னும் சுருக்கமாக முடித்துவிட்டார். வீட்டில் தன்னை யாருக்கும் பிடிக்காது என்பது தனக்கே தெரியுமாம், அதைச் சத்தமாக வேறு கேட்க வேண்டுமா என்றார்.

அவள் வீடு திரும்பும்போது உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேதான் வந்தாள். ஊர் மருமகள்களின் வாய் எப்படி என்று அண்ணியிடம் சொல்ல வேண்டும் என்றுகூட நினைத்தாள். அப்பா ஜன்னலோரம் செய்தித்தாளோடு இருந்தார். எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவைப்போம் என்று அவர் எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்பா, நீங்க ஏன் மெஷின் போட்டுக்கறதில்ல?"

"பேட்டரி" என்றார்.

அவள் பேசாமல் இருந்தாள். அப்பா அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார், அடுத்த வார்த்தை வரும் என்று. வரவில்லை. செய்தித்தாளை மடித்தார். பிறகு, தன் குரல் தனக்கே கேட்காதவர்கள் பேசுவதுபோல வீடு முழுக்கக் கேட்கும்படி பேசினார்.

"மாட்டி விட்டுட்டு அந்தப் பக்கம் போய் போன்ல பேசினே. 'எங்க அப்பாவையே வச்சு போட்டோ எடுத்துக்கலாம், கொஞ்சம் அழுதார்னா அட்டையில போட்டுடலாம்'னு சொன்னே. அவ்வளவு வருஷம் கழிச்சு நான் கேட்ட உன் குரல் அதுதான். அப்புறம் கேமராவோட வந்தீங்க. அழுறதுக்கு நான் ஒண்ணும் கஷ்டப்படல."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. அண்ணன் டிவியை அணைத்தான். அந்த இரண்டு நாளில் தாங்கள் அவர் முன்னால் என்னென்ன பேசித் தொலைத்தோம் என்று ஆளுக்கொரு மூலையில் யோசிக்க ஆரம்பித்தார்கள். அண்ணிக்கு மட்டும் யோசிக்க நிறைய இருந்தது.

அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மூன்று நிமிடத்தில் யாரையும் கரைக்கத் தெரிந்தவள் அழுதாள். அதைப் படம் எடுக்க அங்கே ஆளில்லை. கடைசியில் தலையைக் குனிந்தபடி, மன்னிச்சிடுங்கப்பா என்று முனகினாள். குனிந்த முகத்தில் அவருக்கு உதடு தெரியவில்லை. கண்ணாடிக் கூட்டைத் திறந்து, மெஷினை எடுத்துப் புது பேட்டரியைப் போட்டுக் காதில் மாட்டிக்கொண்டார். "இப்ப சொல்லு" என்றார். மறுபடி சொன்னாள். அது முனகுவதைவிட எத்தனையோ மடங்கு கஷ்டமாக இருந்தது.

மறுநாள் முதலாளியம்மாவின் முன்னால் அவள் தன் மூன்று நிமிடத்தை எடுத்துக்கொண்டாள். போன் போட்டுக் கேட்டதை முதலில் சொன்னாள், காலுறையையும் பொத்தான் டப்பாவையும் பிறகு சொன்னாள். தலைவர் மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்துப் பார்த்தான்.

"அப்ப ஒருத்தர்கூட போட்டுக்கறதில்லையா?" என்றார் முதலாளியம்மா.

"எங்க அப்பா நேத்து அரை மணி நேரம் போட்டிருந்தார்."

முதலாளியம்மா உடனே உருகி ஒன்றும் கையெழுத்துப் போட்டுவிடவில்லை. இதைச் சரிசெய்துகொண்டு வந்து பாருங்கள் என்று அனுப்பிவிட்டார். அதன்பிறகு மெஷின் கொடுப்பதற்கு முன்னால் குடும்பத்தை மொத்தமாக உட்காரவைத்து, நாளையிலிருந்து இவருக்குக் காது கேட்கும், பேச்சைப் பார்த்துப் பேசுங்கள் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். சில வீடுகளில், அப்படியானால் மெஷினே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கொடுத்தது குறைந்தது, போட்டுக்கொள்பவர்கள் கூடினார்கள். முதலாளியம்மா இன்னும் ஒரு வருடம் தாங்கினார். அட்டையில் அப்பாவின் படத்தை எடுத்துவிட்டார்கள். தலைவர் புது கார்டு அடித்துக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போனான். நிறுவனம் கொஞ்ச நாள் ஓடி, ஒரு பெரிய மருத்துவமனையோடு ஒட்டிக்கொண்டது. அங்கே நோயாளிகளின் புகார்களைக் கேட்கும் பிரிவுக்கு அவளை எடுத்தார்கள். நேர்காணலில் உங்கள் படிப்பில் என்ன கற்றீர்கள் என்று கேட்டபோது, "கேட்டுட்டு வாயை மூடிக்கிறது சார், இப்பதான் வருது" என்றாள். இன்னும் ஏதாவது சொல்வாள் என்று அவர்கள் காத்திருந்தார்கள். அவள் சொல்லவில்லை. வேலை கிடைத்தது.

வீட்டில் இன்னும் அவளுக்குத் தாக்கம் என்றுதான் பெயர். மாலையில் அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போது அப்பா கண்ணாடிக் கூட்டைத் திறக்கிறார். அலுவலகக் கதையில் பெரிய பெரிய வார்த்தைகள் வந்தால் மெஷினைக் கழற்றிவிடுகிறார், அதற்கு அவளால் ஒன்றும் சொல்ல முடிவதில்லை. ஆனால் போன் வந்தால் அவள் இப்போது எழுந்து அந்தப் பக்கம் போவதில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவர் எதிரில் உட்கார்ந்துதான் பேசுகிறாள்.