அக்கரைக்குப் போன கம்மல்

எங்கள் வீட்டில் சிவப்பு வெல்வெட் துணி ஒட்டிய சின்னப் பெட்டி ஒன்று இருக்கிறது. அதற்குள் இருந்த கம்மல் ஏறத்தாழ இரண்டு வருடம் சிங்கப்பூரில் கிடந்தது. கம்மலுக்குச் சொந்தக்காரியான என் மகள் பாலத்துக்கு இக்கரையில், மலேசியாவின் ஜொகூர் பாருவில் வெறும் காதோடு வளர்ந்தாள்.

அவளுக்கு ஏழாம் மாதத்தில் காது குத்துவதாக ஏற்பாடு. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். எனக்கு இருப்பதோ ஒரே அண்ணன். தினமும் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து சிங்கப்பூர்த் தொழிற்சாலைக்குப் போய், மாலையில் திரும்புகிறவர். கம்மலை அவர்தான் அங்கே தேக்கா கடைத்தெருவில் வாங்கி வந்தார். திருகு இறுக்கமாக இருக்கிறதென்று மாற்றித் தருவதற்காகத் திரும்ப வாங்கிக்கொண்டார். அந்த வாரம்தான் கொரோனாவுக்காக எல்லையை மூடுகிறார்கள் என்ற அறிவிப்பு வந்தது. இக்கரையில் நின்றுவிட்டால் வேலை போய்விடும் என்று பயந்து அண்ணன் இரண்டு சட்டையையும் கம்மல் பெட்டியையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

"ரெண்டு வாரந்தானே லா. குத்துறதுக்குள்ள வந்துடுவேன்" என்றார். நாங்களும் நம்பினோம்.

நம்பாமல் என்ன செய்வோம்? எல்லை என்ற சொல்லே எங்கள் வீட்டில் புழங்கியதில்லை. எங்களுக்கு அது பாலத்தில் வண்டிகள் நெரியும் வெறும் ஜாம். பக்கத்துத் தீவில் காடு எரிந்து புகை இங்கே வந்து கவிந்தபோதுகூட அதை உலகப் பிரச்சினை என்று நான் நினைத்ததில்லை. துணி காயாத பிரச்சினையாகத்தான் நினைத்தேன். உலகப் பிரச்சினை என்பது டிவியில் வேறு யாருக்கோ நடப்பது. இந்த முறை அது என் மகளின் காதில் வந்து நின்றது.

ஏழாம் மாதம் போனது, ஒன்பதாம் மாதமும் போனது. பெண் குழந்தைக்குக் காது மூளியாக இருக்கிறதே என்று மாமியார் புலம்பினார். உள்ளூரில் இருக்கும் என் பெரியம்மா மகனும் மாமன் முறைதானே என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அண்ணனிடம் வீடியோ காலில் சொன்னேன்.

"நீ குத்திடும்மா. நான் ஃபோன்ல பாத்துக்குறேன்" என்றார். சொல்லிவிட்டு ஃபோனைத் திருப்பிக்கொண்டார். திரையில் அவர் அறையின் மின்விசிறிதான் தெரிந்தது. குத்தினால் அண்ணன் மடியில்தான், இல்லாவிட்டால் கல்யாணம் வரை மூளியாகவே இருக்கட்டும் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டேன். என் வாய் அப்படி.

பாலம் திறந்ததும் அண்ணன் வந்தார், இளைத்துப்போய், கம்மல் பெட்டியோடு. மகளுக்கு மூன்றாம் வயது நடந்துகொண்டிருந்தது. ஆசாரி ஊசியோடு காத்திருக்க, அண்ணன் பட்டு வேட்டியில் சம்மணமிட்டுக் கை நீட்டினார். அவள் என் புடவைக்குள் ஒளிந்துகொண்டாள்.

"இது மாமா இல்ல. மாமா ஃபோன்ல இருக்காங்க."

அண்ணனின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்போது மாமியார்தான், "தம்பி, உள்ள போயி ஃபோன் போடுங்க" என்றார். அண்ணன் எழுந்து அறைக்குள் போனார். என் ஃபோன் அடித்தது. மகள் பாய்ந்து வாங்கி, "மாமா!" என்றாள். திரையிலிருந்து வந்த குரல் அறைக்குள்ளிருந்தும் வந்தது. ஃபோனைப் பிடித்தபடியே நடந்து கதவைத் தள்ளினாள். திரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். பிறகு ஃபோனைக் கட்டிலில் போட்டுவிட்டு மடியில் ஏறினாள். ஊசி குத்தியபோது அவளைவிட அண்ணன்தான் அதிகம் அழுதார்.

இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள். அந்தக் கம்மல் பத்தாமல் வேறு மாற்றிவிட்டோம். காலியான பெட்டியில் இன்று காலை விழுந்த முதல் பால்பல் இருக்கிறது. பாலத்தில் பயங்கர ஜாம், வர நேரமாகும் என்று அண்ணன் செய்தி அனுப்பியிருக்கிறார். முன்பெல்லாம் இதைக் கேட்டால் எரிச்சல் வரும். இப்போது நிம்மதியாக இருக்கிறது.

பல்லைப் படம் எடுத்து மாமாவுக்கு அனுப்பட்டுமா என்று கேட்டேன். பெட்டியை மூடி மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் மறுத்துத் தலையாட்டினாள்.

"ஃபோன்ல வேணாம்மா. மாமா வரட்டும்."