முளைக்காத சிரட்டை

நான் நான்காம் வகுப்புப் படிக்கும்போது எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பாளையங்கோட்டையிலிருந்து ஒரு புது சார் வந்தார். சின்ன வயசு. வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, வருகிற திங்களிலிருந்து ஒரு வாரம் யாரும் புத்தகத்தைத் தொடக்கூடாது, எல்லாவற்றையும் கையால் செய்து பார்த்துத்தான் படிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். சத்துணவு ஆயாவுக்கு இதில் கொஞ்சமும் நம்பிக்கை இல்லை. "படிக்க வச்சாலும் சம்பளம், மண்ணுல விளையாட வச்சாலும் சம்பளம். நமக்கு இப்படி ஒரு வேல அமையலியே" என்று அடுப்பைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

களிமண்ணில் மலையும் ஆறும் அணையும் செய்தோம். கயிற்றைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்தைச் சுற்றி அளந்தோம். ஆனால் வாரம் முழுக்க நடந்தது சிரட்டை வேலைதான். ஆளுக்கொரு தேங்காய்ச் சிரட்டையில் ஈர மணல் நிரப்பி, விதை போட்டு, அது முளைப்பதைத் தினமும் பார்த்து எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை ஊர்ப் பெரியவர்களைக் கூப்பிட்டுக் காட்டுவது என்று ஏற்பாடு.

யார் என்ன கொண்டு வருவீர்கள் என்று முந்தின வெள்ளிக்கிழமையே சார் கேட்டார். பாசிப்பயறு, தட்டப்பயறு என்றார்கள் பிள்ளைகள். நான் எழுந்து நின்று, "எங்க வீட்டு விதைநெல்லு சார்" என்றேன். எனக்கு அதில் ஒரு மிதப்பு இருந்தது.

காரணம் உண்டு. அந்த வருஷம் பாபநாசம் அணையில் தண்ணீர் இல்லாமல் கார் சாகுபடி கருகிப்போயிற்று. இனி ஐப்பசியில் தொடங்கும் பிசானப் போகம்தான் கதி. அப்பா உழுதது குத்தகைக்கு எடுத்த பாட்டத்து வயல். ஊரே அண்ணாச்சி என்று கூப்பிடும் ஒரு பெரியவருடையது. அவர் ஒருநாள் எங்கள் வாசலில் வந்து, சைக்கிளிலிருந்து இறங்காமலே, ஒரு காலை ஊன்றிக்கொண்டு கேட்டார்: "ஏலே, பிசானத்துக்கு விதை வச்சிருக்கியா? இல்லன்னா இப்பமே சொல்லிரு. வயலக் கேட்டு ஆளு நிக்கான்."

"கோட்டை கட்டுனது கட்டுனபடி இருக்கு அண்ணாச்சி" என்று அப்பா உள்ளே கையைக் காட்டினார். வைக்கோலால் சுற்றிச் சாணி மெழுகிய விதைக்கோட்டை மூலையில் பெரிய பந்து மாதிரி உட்கார்ந்திருந்தது. அண்ணாச்சி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அது இருக்கிறவரை வயல் எங்களுக்குத்தான் என்று எட்டு வயசுக்காரிக்கும் விளங்கியது.

சார் கேட்ட அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அம்மா கோட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கயிற்றை அறுக்கும்போது தலை நிமிரவில்லை. "விதைக்கவாம்மா?" என்று கேட்டேன். "ஆமா. போ, தம்பியப் பாரு" என்றாள்.

மறுநாள் விடிந்ததும் அப்பா எங்களை அம்பாசமுத்திரத்து அத்தை வீட்டுக்குக் கூட்டிப்போனார். அங்கே அவரும் மாமாவும் தொழுவத்தருகே வெகுநேரம் பேசினார்கள். நானும் தம்பியும் இரண்டு நாள் வயிறு நிறையச் சாப்பிட்டோம். ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்தால், கோட்டை இருந்த இடத்தில் ஒரு சாக்கு. விதையைச் சாக்குக்கு மாற்றியிருக்கிறாள், அவ்வளவுதான் என்று நினைத்தேன். திங்கள் காலை அம்மா தண்ணீருக்குப் போயிருந்த நேரம் பார்த்து ஒரு கை அள்ளிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை பயறுகள் தோலைப் பிளந்தன. "நெல்லு பைய வரும்மா" என்று சார் எனக்குத் தைரியம் சொன்னார். புதன்கிழமை, என்னைப் பார்த்துத் தானும் நெல் கொண்டுவந்திருந்த பக்கத்துப் பிள்ளையின் நெல் வெள்ளை மூக்கை நீட்டியது. அவள் என் சிரட்டைக்குள் குனிந்து பார்த்து, "ஏளா, உன் நெல்லு இன்னும் உறங்குதா? எழுப்பி விடு" என்றாள். வியாழக்கிழமை என் சிரட்டையிலிருந்து புளித்த வாடை வந்தது. வீட்டில் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். கேட்டால் சாக்கில் கைவைத்தது தெரிந்துவிடும். 

வெள்ளிக்கிழமை வேப்பமரத்தடியில் பெஞ்சுகளைப் போட்டுச் சிரட்டைகளை அடுக்கினோம். இருந்த ஒரே கைவைத்த நாற்காலியில் அண்ணாச்சி. பின்னால் ஊர்க்காரர்கள். எங்கள் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. சார் வரிசையாகக் காட்டிக்கொண்டே வந்து என் சிரட்டையருகே நின்றார். ஒரு நெல்லை எடுத்து நகத்தால் நசுக்கினார்.

"என்னம்மா, அவிச்ச நெல்லப் போட்டுருக்க? இது எப்படி முளைக்கும்?"

"ரெண்டு நாள் பொறுங்க சார், சோறா முளைக்கும்" என்றான் ஒருவன். மரத்தடியே சிரித்தது. அண்ணாச்சிகூடச் சிரித்தார்.

எனக்குக் காது சுட்டது. எங்கள் வீட்டை, எங்கள் விதையைப் பார்த்தல்லவா சிரிக்கிறார்கள்? எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினேன்: "இல்ல சார், இது விதைநெல்லுதான்! எங்கம்மா கோட்டையப் பிரிச்சத நானே பாத்தேன்!"

சிரிப்பு பட்டென்று நின்றது. சார் நெல்லைச் சிரட்டையிலேயே போட்டுவிட்டு, விரலை வேட்டியில் துடைத்தார். "சரிம்மா. இரு" என்று அடுத்த சிரட்டைக்கு நகரப் பார்த்தார். அண்ணாச்சி விடவில்லை. குரலைத் தணித்து, பிரியமாகத்தான் கேட்டார்.

"எப்பம்ட்டி பிரிச்சா உங்கம்மா?"

"போன வெள்ளிக்கிழம."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். சாக்குல இருக்கு அண்ணாச்சி."

"நல்ல பிள்ள" என்று தலையாட்டினார். சார் நம்பாவிட்டால் போகிறார், ஊர்ப் பெரியவர் நம்பிவிட்டார் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

நான் வீடு சேருமுன் செய்தி சேர்ந்துவிட்டது. ஆயா எங்கள் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மா அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை. அப்பா என்னை அருகே கூப்பிட்டார். அடிக்கப்போகிறார் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன்.

"அண்ணாச்சி அங்கன இருந்தாவளா?"

"இருந்தாவ. எல்லாரும் சிரிச்சாவப்பா. நாந்தான் விதைநெல்லுன்னு சத்தமாச் சொன்னேன்."

அப்பா என் தலையில் கையை வைத்தார்.  "சரி, போய்ச் சாப்பிடு" என்றார்.

ஐப்பசி பிறந்ததும் வேண்டிய விதை தருவதாக மாமா ஒத்துக்கொண்டிருந்தார் என்பதும், அதுவரை ஒரு மாதம் ஊர் வாயில் விழாமல் கடத்திவிட்டால் போதும் என்று இருவரும் நினைத்திருந்தார்கள் என்பதும் எனக்குக் கல்யாணமான பிறகு அத்தை சொல்லித்தான் தெரியும். நாங்கள் ஊரில் இல்லாத இரண்டு நாளில் அம்மா அவித்துக் காயவைத்த கோட்டை நெல்லைத்தான் அந்த வாரம் முழுக்க நாங்கள் சாப்பிட்டிருக்கிறோம். நானே கேட்டு வாங்கி இரண்டாம் முறை சாப்பிட்டிருக்கிறேன்.

அப்பா அரிசி ஆலைக்கு மூட்டை தூக்கப் போனார். மழை வரும்வரைதான் என்றாள் அம்மா. மழையும் வந்தது, கால்வாயில் தண்ணீரும் வந்தது. ஒருநாள் பள்ளிக்கூடம் போகும் வழியில் பார்க்கிறேன், எங்கள் வயலில் ஒரு டிராக்டர் சேற்றைக் கலக்கிக்கொண்டிருந்தது. ஓட்டியவர் மேலத்தெரு மாமா, தெரிந்தவர்தான். பாவம், வயல் மாறி இறங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

வரப்பில் நின்று, "மாமா, அது எங்க வயலு! எங்கப்பா வருவாவ!" என்று கூப்பிட்டேன்.

அவர் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். பிறகு முன்னால் பார்த்துக்கொண்டு ஓட்டினார். டிராக்டர் சத்தத்தில் காதில் விழவில்லை போலிருக்கிறது. பையைக் கீழே வைத்தேன். இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு, இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன்.