நிறுத்தாமல் வாசித்தாள்

எனக்குச் சங்கீதம் சுத்தமாகத் தெரியாது. ராஜபாளையம் பக்கம் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறியில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். என் காதுக்குத் தெரிந்த தாளம் தறிச் சத்தம்தான். பட்டாளத்தில் இருக்கும் என் தம்பி லீவில் வந்தபோது, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்கு ஒரு உகுலேலே வாங்கி வந்தான். நாலே கம்பி, கிடாருக்குக் குட்டி மாதிரி இருந்தது. அவள் யூடியூப் பார்த்து வாசிப்பாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பேன்.

சங்கீதம் தெரியாவிட்டாலும், தறிச் சத்தம் பிசகினால் கண்டுபிடிக்கும் காது; தப்பு வந்தால் எனக்கு உடனே தெரிந்துவிடும். "ஏட்டி, நிறுத்து! முதல்ல இருந்து வாசி" என்பேன். தறியில் பாவு நூல் ஒன்று அறுந்தாலும் நிறுத்தி, முடிச்சுப் போட்ட பிறகுதான் ஓட்டுவோம். அப்படியே ஓடவிட்டால் துணி பாழ். அதையே இவளிடமும் செய்தேன். பெரிய உபகாரம் செய்வதாக நினைப்பு வேறு.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் பள்ளி ஆண்டுவிழாவுக்கு ஒத்திகை நடந்தது. மூன்று இடத்தில் தப்பு; மூன்று முறையும் நிறுத்திவிட்டு முதலில் இருந்து ஆரம்பித்திருக்கிறாள். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து அழுதாள். "என் பேரை எடுத்துருங்கன்னு டீச்சர்ட்ட சொல்லப் போறேன். நீதானம்மா நிறுத்து நிறுத்துன்னு பழக்குன? இப்ப கை தானா நின்னுருது."

சுருக்கென்றது. கோபமும் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அவள் கண்ணைத் துடைத்துவிட்டுச் சொன்னேன்.

"பேரை எடுக்க வேண்டாம். இனி நான் வாயே தொறக்கல, காலால தாளம் மட்டும் போடுதேன். நீ எம்புட்டுத் தப்பு பண்ணாலும் என் காலு நிக்காது. அது கூடவே வா."

பத்து நாள் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். அம்மாடி, நாலு தறியை ஒற்றை ஆளாகப் பார்ப்பது அதைவிடச் சுலபம்!

விழாவில், என் கால் தாளம் போடுவது அவளுக்குத் தெரியும்படி முன்வரிசை நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தேன். பாட்டின் பாதியில் அவள் விரல் மாறி விழுந்தது. என்னைப் பார்த்தாள். நான் காலை நிறுத்தவில்லை. அவளும் நிறுத்தவில்லை. கடைசி வரை வாசித்துவிட்டுத்தான் தலை நிமிர்ந்தாள்.

பக்கத்தில் இருந்த பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க பிள்ளையா? ஒரு தப்பு இல்லாம வாசிச்சுட்டாளே!" என்றாள்.

"ஒரு தப்பு இருந்துச்சுக்கா" என்றேன், அழுகையும் பெருமையுமாக. "அதுலதான் எம்பிள்ள ஜெயிச்சா."