கட்டைபறிச்சான் ரோட்டுக்கு ஒரு கேம்

எஞ்சின் கட்டுவது லேசு; கட்டக் கொண்டு வருகிற ஆளின் வாயிலிருந்து ஒரு உண்மையைக் கழற்றி எடுப்பதுதான் முதுகு முறிகிற வேலை. நீங்களும் தையல்கடையோ பல் வைத்தியமோ பார்க்கிறவர் என்றால் என் பாடு விளங்கும். கப்பல்துறையில், கண்டி ரோட்டோரம், இருபத்தாறு வருடமாகக் கராஜ் வைத்திருக்கிறேன். கொஞ்சக் காலமாக வேகத்துக்கென்று எஞ்சின் கட்டித் தரச் சொல்லி வருகிறார்கள். காற்றை உள்ளே தள்ளிக் கொடுக்கிற டேர்போ கிடையாது. எஞ்சின் தானாக இழுக்கிற காற்றிலேயே பலம் எடுக்க வேண்டும் என்றால் கேமும் பிஸ்டனும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். கேம் என்பது வால்வு எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்று தீர்மானிக்கிற தண்டு. அதைத் தெரிவு செய்ய நான் கேட்பது ஒரே கேள்வி: வாகனம் எங்கே ஓடப் போகிறது? அதற்கு உண்மை சொன்ன மனுஷனை நான் இன்னும் காணவில்லை.

களவு போன கேம்

கிண்ணியாவிலிருந்து ஒரு மீன்பிடிக்காரர் தன் போட் எஞ்சினை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். மச்சானுடைய போட் தன்னை முந்திப் போகிறதாம். பெரிய கேம் ஒன்று போட வேண்டுமாம். இது டூ ஸ்ட்ரோக் எஞ்சின், இதில் அந்த மாதிரி வால்வும் இல்லை, கேமும் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். நம்பவே மாட்டேன் என்றார். சரி என்று கழற்றியே காட்டினேன்; அரை நாள் போனது. உள்ளே குனிந்து வடிவாகப் பார்த்தார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கேமக் கழட்டி எடுத்தது ஆரெண்டு கேட்டா, நீங்க சொல்லவா போறீங்க?"

மலையேறுகிற கிளார்க்

சிவகரன் ஓர்ஸ் ஹில்லில் ஒரு கந்தோரில் கிளார்க். வீடும் அங்கேதான். பழைய ஜப்பான் கார் ஒன்று வைத்திருந்தார். நெட்டில் பார்த்துப் பார்த்து, இருப்பதிலேயே பெரிய கேமையும் தலை புடைத்த பிஸ்டன் நாலையும் எழுதிக்கொண்டு வந்தார். எங்கே ஓடப் போகிறது என்று கேட்டேன். மலைப்பாதைப் பந்தயத்துக்கு என்றார்.

நான் விளங்கப்படுத்தினேன். இந்தக் கேம் நிமிடத்துக்கு ஐயாயிரம் சுற்றுக்கு மேலேதான் உயிர் பெறும். அதற்குக் கீழே குலுங்கும், நிற்கும், மானத்தை வாங்கும். அந்தப் பிஸ்டனுக்கு 95 ஒக்டேன் பெற்றோல் இல்லாமல் ஏலாது. போதாக்குறைக்கு சிலிண்டரைப் பெரிதாக்க வேண்டும், பிறகு பழைய பிஸ்டன் திரும்ப ஏறாது. வீட்டில் வேறு யாராவது இதை ஓட்டுவார்களா என்றும் கேட்டேன். அந்தாள் நெஞ்சில் கை வைத்தார். "இது எனக்கு மட்டும்தான் அண்ணை. வேற ஒருத்தரும் இதில ஏற மாட்டினம்."

பச்சைக் களி

பிஸ்டன் மேலே வரும்போது திறந்த வால்வில் முட்டினால் எஞ்சின் அவ்வளவுதான். அதனால் பிஸ்டன் தலையில் பிள்ளைகள் விளையாடுகிற களியை அப்பி, மூடி, கையால் மெதுவாகச் சுற்றி, திரும்பத் திறந்து பார்ப்பது என் வழக்கம். அழுத்தி மெலிந்த இடத்தை அளந்தால் எவ்வளவு இடைவெளி என்று தெரிந்துவிடும்.

என்னிடம் களி முடிந்திருந்தது. சிவகரன் பின்னேரமே ஒரு பெட்டி நிறையக் கொண்டு வந்தார். பச்சைக் களி, அதில் குட்டிக் குட்டி விரல் அடையாளங்கள், பெட்டி மூடியில் "தரம் 1" என்று அழகான கையெழுத்து. அந்தாளுக்குப் பிள்ளை இல்லை. மடையன் நான், அந்த இடத்திலேயே யோசித்திருக்க வேண்டும்! அப்பிச் சுற்றிப் பார்த்தபோது களி தாள் மாதிரி மெலிந்து கிடந்த கவலையில், பிஸ்டன் தலையில் வால்வுக்கென்று இருக்கிற பள்ளத்தை இன்னும் ஆழமாக வெட்டப் போய்விட்டேன். இது ஆருடைய பெட்டி என்று மட்டும் கேட்டேன். "அது வீட்டில சும்மா கிடந்தது அண்ணை."

சிவப்புக் கோடு

காரைக் கட்டிக் கொடுத்து மூன்று கிழமை கழித்து, அதே கார் கராஜ் வாசலில் இரண்டு தரம் குலுங்கி நின்றது. இறங்கினது ஒரு பெண். சிவகரனின் மனுஷியாம். டீச்சர். கட்டைபறிச்சான் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் வந்து, தினமும் காரை ஓட்டிக்கொண்டு போகிறவர். எஞ்சின் எண்ணெய் குடிக்குது, சும்மா பழுது பார்க்கிறேன் என்று சொல்லித்தான் கணவர் காரைக் கொண்டு வந்திருக்கிறார்.

"மாடு குறுக்க வந்தா நிண்டிடுது. ரோட்டில போட்டிருக்கிற பம்பில ஏறினா நிண்டிடுது. நான் அடிக்கிற பெற்றோல் செட்டில 92தான் இருக்கு, அதை ஊத்தினா உள்ளுக்க ஆரோ ஆணி அடிக்கிற மாதிரிச் சத்தம்" என்றார். ஏழரைக்குப் பள்ளிக்கூட அதிபர் வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு போடுவார்; பிந்தினவர்கள் அதற்குக் கீழே. அந்தக் கிழமையே இரண்டு நாள் டீச்சர் கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைத்திருந்தார். இன்னொரு தரம் பிந்தினால், அடுத்த வருடம் டவுனுக்குத் திரும்ப அவர் போட்ட விண்ணப்பத்தில் கையொப்பம் வைக்க மாட்டேன் என்று அதிபர் சொல்லிவிட்டாராம்.

எனக்கு வெட்கமாகப் போனது. பந்தயத்துக்கென்று சொன்னதால்தான் அப்படிக் கட்டினேன் என்று இழுத்தேன். மேசையில் கிடந்த தன் வகுப்புக் களிப் பெட்டியைக் கண்டு எடுத்துக்கொண்டே அவர் சொன்னார்: "பந்தயம் நடக்குதுதான் அண்ணை. ஒவ்வொரு நாளும் காலம ஏழரைக்கு. நான்தான் தோத்துக்கொண்டிருக்கிறன்."

நாலு நாள் டிரைவர்

பெரிதாக்கின சிலிண்டருக்குத் தலை தட்டையான பிஸ்டன் கொழும்பிலிருந்து வந்து பூட்டி முடிக்க நாலு நாள். அதுவரைக்கும் டீச்சர் எப்படிப் போவது? என் டீசல் வானின் கிளட்ச் என்னைத் தவிர ஒருவருக்கும் அடங்காது. ஆகவே விடியவே எழும்பி நானே ஓர்ஸ் ஹில்லுக்குப் போய் ஏற்றிக்கொண்டு போனேன். நாலு நாளும் கோட்டுக்கு மேலேதான் கையெழுத்து. இடுப்பு விட்டுப்போனது என்னவோ உண்மை. ஆனால் அந்த ரோட்டை முதல் தடவை எஞ்சின் கட்டுகிறவனாகப் பார்த்தேன்: மாடு, பம்ப், பாலம், பஸ்ஸை முந்தக் கிடைக்கிற ஒரு சொட்டு இடம். அதற்கு அளவாகச் சின்னக் கேம் ஒன்றைத் தெரிவு செய்து போட்டேன். மூவாயிரத்திலேயே இழுத்தது. 92ஐக் குடித்துவிட்டுச் சத்தமில்லாமல் இருந்தது.

சாவி வாங்க வந்த சிவகரன், கழற்றி வைத்த பெரிய கேமை ஒருதரம் தடவிப் பார்த்தார். மனுஷனைப் பார்க்க எனக்கே பாவமாகத்தான் இருந்தது. "அந்தப் பந்தயக் கார்ச் சத்தத்தை மட்டும் அப்பிடியே வைச்சுத் தர ஏலாதோ அண்ணை?"

முதல் கையெழுத்து

இரண்டு மாதம் போயிருக்கும். டீச்சர் காருக்கு எண்ணெய் மாற்ற வந்தார். விண்ணப்பத்தில் அதிபர் கையொப்பம் வைத்துவிட்டார் என்று சொன்னபோது, என் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. இப்போது கோடு போடுவதற்கு வெகு முன்னமே போய்விடுகிறாராம்.

"பிறகென்ன டீச்சர், சந்தோஷம்தானே?" என்றேன். முகம் அவ்வளவு சந்தோஷமாக இல்லை. மோட்டார் சைக்கிளில் வருகிற கணக்கு வாத்தியார் ஒருவர் தினமும் இவருக்கு முன்னால் முதல் கையெழுத்தை வைத்துவிடுகிறாராம். பாலம் தாண்டியதும் முந்துகிறாராம். அங்கும் இங்கும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அண்ணை, கொஞ்சமே கொஞ்சம் பெரிய கேம் ஒண்டு போட்டா என்ன செய்யும்? வீட்டில இவருக்குச் சொல்லாதேங்கோ."

ஆகவே என்னைப் போல் பாடுபடுகிறவர்களே, எங்கே ஓடப் போகிறது என்று நான் இப்போது ஒருவரையும் கேட்பதில்லை. வீட்டில் ஆருக்குத் தெரியக் கூடாது என்று மட்டும் கேட்டுவிட்டு, அதற்கு வருகிற பொய்யை வைத்தே கேமைத் தெரிவு செய்கிறேன்.