யோகா மறக்காத நம்பர்

யோகா நம்பரை மறக்கவில்லை. ஓர் இலக்கம்கூட அவள் பிசகவில்லை. அவள் மறந்துவிட்டாள் என்று அவளையே நம்ப வைத்தவள் நான்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துச் சொல்லத் தொடங்கினால் இடையில் எங்காவது நின்று எனக்கு நானே நியாயம் தேடிக்கொள்வேன்... இத்தனை வருடமும் அதைத்தானே செய்துவந்தேன்! நீங்கள் யாரோ எவரோ. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது.

நான் புவனா. வட்டகொடை ஸ்டேசனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்பவள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் காலையில் பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டு மலைக்கு ஏறுவார்கள்; பின்னேரம் வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் லயத்தில் உயர்தரம் வரை படித்த பெண் நான் ஒருத்திதான் என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நடந்ததில் பாதிக்கு அதுதான் காரணம்.

தோட்டத்துக்குக் கைத்தொலைபேசி வந்த புதிதில், பள்ளத்தில் இருக்கும் எங்கள் பணிய லயத்துக்கே என்னிடம் இருந்த ஒரு போன்தான். கொழும்பில் கடையில் நின்ற என் தம்பி வாங்கித் தந்தது. லயத்துக்குள் சிக்னல் கிடையாது. பிள்ளைக்காம்பராவின் மேற்கு ஜன்னலில் மட்டும் கிடைக்கும். அங்கே ஆணி அடித்து, ஒரு துணிப்பையில் போட்டுத் தொங்கவிட்டிருந்தேன். வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போன எங்கள் லயத்துப் பெண்கள் எல்லோரும் என் நம்பரைத்தான் கொண்டுபோனார்கள். கோல் வந்தால் நான் வாசலில் நின்று மலையைப் பார்த்துக் குரல் கொடுப்பேன். உரியவர் கூடையோடு ஓடி வருவார். அதற்குக் கங்காணியும் ஒன்றும் சொல்லமாட்டார்.

அப்படிப் போனவர்களில் ஒருத்திதான் யோகா. லயத்தில் எனக்கு அடுத்த வீடான காம்பராவில் இருக்கும் மாரியாயி அத்தையின் மகள். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாட்டை மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் ஒப்பிப்பாள். ஏஜென்சி மூலம் குவைத்துக்குப் புறப்படுவதற்கு முதல் நாள் என் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று, என் நம்பரைப் பார்க்காமல் சொல்லிக் காட்டினாள். தாளில் எழுதித் தருகிறேன் என்றேன்.

“எழுதி வச்சா பறிச்சிருவாங்களாம் அக்கா. மண்டையில இருந்தா யாரு பறிக்கிறது?” என்றாள்.

யார் பறித்தார்கள் என்பதைத்தான் நான் இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

முதல் சில மாதங்கள் அவளுடைய கோல் ஒழுங்காக வந்தது. போன் திரையில் வெளிநாட்டு நம்பர் நீளமாக விழும். மாரியாயி அத்தை போனைக் காதில் வைத்துக்கொண்டு பேசுவதைவிட அழுவதுதான் அதிகம். பிறகு ஒரு மாதம் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை.

அந்த நாட்களில்தான் எனக்குத் தொல்லைக் கோல்கள் பிடித்துக்கொண்டன. முதலில் வெறும் மிஸ்கோல். பிறகு எவனோ ஒருவன் என் குரல் நன்றாக இருப்பதாகச் சொன்னான். இன்னொருவன் சிங்களத்தில் எனக்கு லொத்தர்ச் சீட்டில் பரிசு விழுந்திருப்பதாக வாழ்த்தினான், வாங்காத லொத்தர்! ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு நம்பர். ஒருநாள் ஆத்திரத்தில் திருப்பி எடுத்தேன். மாத்தறையில் ஒரு வயதான மனிதர் பேசினார். தான் யாருக்குமே கோல் எடுக்கவில்லை என்று சத்தியம் செய்தார். கடைசியில் தொல்லை கொடுப்பவள் நான்தான் என்று முடிவு செய்து, என்னை ஏசிவிட்டு வைத்தார். அவருடைய நம்பரை யாரோ முகமூடியாகப் போட்டுக்கொண்டு என்னை அழைத்திருக்கிறார்கள் என்பதை விளங்கிக்கொள்ள அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

பிறகு அந்த அழுகைக் கோல் வந்தது. ஒரு பெண்பிள்ளை “அம்மா... அம்மா...” என்று கேவினாள். உடனே ஓர் ஆண் குரல் குறுக்கிட்டு, பிள்ளை கொழும்பில் விபத்துப்பட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், டொக்டரோடு பேச வேண்டும், போனுக்குக் காசு போடும் ரீலோட் கார்ட் வாங்கி நம்பரைச் சொல்லுங்கள் என்றது. எங்கள் லயத்துச் செல்லம்மாவின் மகள் கொழும்பில் ஒரு வீட்டில் வேலை செய்தாள். அவள்தான் என்று நினைத்து நான் பதறிப்போனேன். கடைக்கு ஆள் அனுப்பிக் கார்ட் வாங்கி, நகத்தால் சுரண்டிச் சுரண்டி நம்பர்களை வாசித்தேன். செல்லம்மாவோ தலையில் அடித்துக்கொண்டு மலையிலிருந்து இறங்கி வந்தாள். தீபாவளிக்கு அந்தப் பிள்ளை புதுச் சட்டை போட்டுக்கொண்டு சிரித்தபடி வந்து இறங்கியது.

குழாயடியில் ஒரு வாரம் இதே பேச்சு. படிச்ச புள்ளையையே ஏமாத்திப்புட்டானுங்களே என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். கேலிதான், கெடுதல் இல்லை. ஆனால் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இனி எவளாவது போனில் அழட்டும், பார்த்துக்கொள்கிறேன் என்று கறுவிக்கொண்டேன்.

யோகா அழுதாள்.

மத்தியானம் கடந்து மழை பிடித்திருந்தது. பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். போன் அடித்தது. திரையில் கொழும்பு நம்பர். எடுத்தேன். என் குரலே கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல எனக்குத் திரும்பக் கேட்டது. கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு ஒரு பெண் கேவும் சத்தம். “அக்கா... அக்கா... ஏஜென்சிக்கு...” என்று துண்டு துண்டாக வந்தது.

நான் விடவில்லை. சிங்களத்தில் பிடித்துக்கொண்டேன். தமிழில் ஏசினால் மேலும் பேச்சுக் கொடுப்பார்கள், சிங்களத்தில் பொலிஸ் என்று சொன்னால் பயப்படுவார்கள் என்பது நானாகக் கண்டுபிடித்த வித்தை. இது ராங் நம்பர், இன்னொரு தடவை எடுத்தால் பொலிசில் கொடுப்பேன் என்று கத்திவிட்டு வெட்டினேன். உடனே மறுபடி அடித்தது, வேறொரு நம்பரில். அதற்கும் அதே ஏச்சு. மறுபடியும் அடித்தது. போனையே அணைத்துவிட்டேன்.

குரல் தெரியவில்லையா என்று கேட்கிறீர்களா?

தெரியவில்லை என்றுதான் இவ்வளவு காலமும் எனக்கு நானே சொல்லிவந்தேன். அது முழு உண்மை இல்லை... அந்த “அக்கா”வை அவள் இழுத்த விதத்தில் ஒரு கணம் எனக்குள் ஏதோ தட்டியது. தட்டத்தான் செய்தது! ஆனால் இரண்டாம் தடவையும் ஏமாந்து குழாயடியில் நிற்கமாட்டேன் என்ற வீம்பு அதைவிட வேகமாக வந்துவிட்டது. அன்று என் சாமர்த்தியத்தை எல்லோரிடமும் சொல்லிப் பெருமையடிக்கவும் நினைத்திருந்தேன். மழை விடாததால் குழாயடிக்கு யாரும் வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தலவாக்கலைக்குப் போனேன், சிம்மை மாற்ற. போன் கடைத் தம்பியிடம் என் தொல்லையையெல்லாம் கொட்டினேன். அவன் புதுச் சிம்மை வெட்டியபடி சாதாரணமாகச் சொன்னான்.

“எல்லாமே பொய்க் கோல் இல்ல அக்கா. வெளிநாட்டுல இருந்து இன்டர்நெட்டுல மலிவா எடுக்கிற கோலும் இப்ப கொழும்பு நம்பர் மாதிரிதான் விழுது. கொஞ்சம் இரைச்சலா இருக்கும். நம்ம கொரலே நமக்குத் திரும்பிக் கேக்கும்.”

அன்று அழுத கோலில் என் குரல் அப்படித்தான் திரும்பக் கேட்டது. பழைய சிம் கண்ணாடி மேசையின் மேல் கிடந்தது. அப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும்? அதை எடுத்து மறுபடி போனில் போட்டுக்கொண்டு, ஜன்னலோரம் இரவு பகலாகக் காத்திருக்க வேண்டும். நேராக மாரியாயி அத்தையிடம் போய், உங்கள் மகள் அழுதாள், நான் வெட்டிவிட்டேன், வாருங்கள் ஏஜென்சிக்குப் போவோம் என்று சொல்லியிருக்க வேண்டும்.

புதுச் சிம்மைப் போடச் சொன்னேன்.

ஏன்? எத்தனையோ தடவை இதைக் கேட்டுப் பார்த்துவிட்டேன். பழைய நம்பர் மறுபடி அடித்தால், எடுத்து என்ன சொல்வேன் என்ற பயம். வேறொன்றும் இல்லை. கடைத் தம்பி பழைய சிம்மைக் குப்பைக் கூடைக்குள் தட்டிவிட்டான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

யோகாவுக்குப் புது நம்பர் தெரியாதே என்று அத்தை கலங்கினார். நான் ஏஜென்சிக்குக் கோல் எடுத்துச் சொன்னேன். அவர்கள் குறித்துக்கொண்டார்கள். அழுதபடி ஒரு கோல் வந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் அவளை யாராவது தேடியிருப்பார்கள். அத்தையோ தினமும் கொழுந்து நிறுத்துவிட்டு வரும்போது ஜன்னலண்டை நின்று, “கோல் ஏதும் வந்துச்சா புள்ள?” என்பார். இல்ல அத்தை என்பேன்.

ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்து யோகா வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். இடது கை விரல்கள் வெந்து ஆறியதில் மடங்கிப்போயிருந்தன. அன்று பின்னேரம் என் காம்பராவில் அவளும் அத்தையும் நானும். நான் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியை வலது கையில் பிடித்தபடி, யாருக்கோ நடந்ததுபோல அவள் சொல்லிக்கொண்டே போனாள். சம்பளம் தராமல் அடித்த கதை. சுடுதண்ணீர் ஊற்றிய கதை. பக்கத்து வீட்டில் வேலை செய்த எங்கள் மலைநாட்டு இறம்பொடைப் பிள்ளை ஒருத்தி பரிதாபப்பட்டு, மதில் வழியாகத் தன் போனை நீட்டியிருக்கிறாள்.

“யாரோ ஒரு சிங்களப் பொம்பள எடுத்து ஏசினா அக்கா. நம்பர் மறந்திருச்சுன்னு நெனச்சு கடசி இலக்கத்த மாத்தி மாத்தி அடிச்சேன். எவன் எவனோ எடுத்தான். காசு முடிஞ்சிருச்சு. மறுநாளே என்னைய வேற ஊரு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.”

பிறகு அவள் நிமிர்ந்தாள். மெதுவாக, ஒவ்வொரு இலக்கமாக, அந்த நம்பரைச் சொன்னாள். ஏழு, ஏழு, மூன்று என்று முடித்தாள்.

“இதானே அக்கா ஒங்க பழைய நம்பரு?”

அந்த முகத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வேன்... பரீட்சை முடிவு கேட்கும் பிள்ளையின் முகம். எல்லா இலக்கமும் சரி. அந்த நம்பர் லயத்தில் வேறு யாருக்கும் நினைவில்லை. சிம் குப்பையில் போய்விட்டது. அதற்கு உலகத்தில் மிஞ்சியிருந்த ஒரே சாட்சி நான்தான். ஆமாம் என்ற ஒரு சொல் போதும்! ஆனால் ஆமாம் என்றால், ஏசிய அந்தச் சிங்களப் பொம்பள யார்?

“கடசில மூணு இல்ல யோகா,” என்றேன். “எட்டு.”

அவள் உதட்டுக்குள் நம்பரை இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள். “எட்டையும் அடிச்சுப் பாத்தேனே...” என்று முணுமுணுத்தாள். பிறகு அதையும் தானே தள்ளிவிட்டாள். “இல்ல. அடிக்கலபோல. நாந்தான் கொழப்பிட்டேன்.”

அத்தை தலையில் அடித்துக்கொண்டு அவளை ஏசினார். ஒரு நம்பரைப் பாடமாக்கத் துப்பில்லாமல் கையைத் தொலைத்துக்கொண்டு வந்திருக்கிறாளே என்று அழுதார். நான் அத்தையைச் சமாதானப்படுத்தினேன். ஆம், நான்தான்!

லயத்தில் அது சொல்லிச் சிரிக்கும் ஒரு பகிடியாகவே ஆகிவிட்டது. எதையாவது மறந்தவர்களை யோகாவோடு சேர்த்துப் பேசுவார்கள். கூட்டுறவுக் கடையில் நிற்க ஓர் ஆள் தேடியபோது, விரல் மடங்கியவளுக்கு இதுதான் தோது என்று நானே அவளுக்காகப் பேசினேன். அவள் சிரித்தபடி மறுத்தாள். தன் மண்டையில் ஒன்றும் நிற்காது, கணக்கில் பிழை விட்டால் பழி வரும் என்றாள். வாய்ப்பாட்டைத் தலைகீழாக ஒப்பித்தவள்! மடங்கிய விரல்களோடு கொழுந்துக்குத்தான் போனாள். நிறுத்த கிலோவைக்கூடப் பக்கத்தில் நிற்பவளிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்கிறாள்.

சொல்லியிருக்கலாமே என்கிறீர்களா? ஒவ்வொரு வருடமும் சொல்வதற்கு இன்னும் கடினமாகிப்போனது. கோலை வெட்டியதை அவள் மன்னித்துவிடுவாள் என்றே நினைக்கிறேன். அந்த எட்டை எப்படி மன்னிப்பாள்?

அவளுக்குக் கல்யாணமாகி ஒரு பெண்பிள்ளை பிறந்தது. கைப்பிள்ளையிலிருந்தே என் பிள்ளைக்காம்பராவில்தான். காலையில் தொட்டிலை ஆட்டி உறங்கவைத்துவிட்டுத்தான் மலைக்குப் போவாள். ஆட்டும்போது ஒரு ராகத்தில் இலக்கங்களைச் சொல்வாள். முதல்நாள் அதைக் கேட்டபோது பால் சட்டியை இறக்கி வைத்துவிட்டு அவளைப் பார்த்தேன்.

“அந்தத் தப்பு நம்பருதான் அக்கா,” என்று சிரித்தாள். “மண்டைய விட்டுப் போவமாட்டேங்குது. இதுக்காவது ஒதவட்டும்.”

அந்தப் பிள்ளைக்கு இப்போது மூன்று வயது. நான் சொல்லிக்கொடுக்கும் பாட்டுகளை ஒப்பித்துவிட்டுச் சரியா என்று கேட்கும். சரி என்று சொல்லிக் கன்னத்தைத் தட்டினால்தான் நகரும். இன்று காலை மேற்கு ஜன்னலருகே வந்து நின்றது. தாயைப்போலவே கையைக் கட்டிக்கொண்டு, என் பழைய நம்பரை முதலிலிருந்து கடைசி வரை சொன்னது. ஏழு, ஏழு, மூணு.

“செரியா பெரியம்மா?”

பால் ஆறுகிறது, போய்க் குடி என்றேன்.

பிள்ளை போகவில்லை. எங்கேயோ பிழை விட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து சொல்லத் தொடங்கியது.