சிரிப்புக்கு அடியில் ஒரு பெயர்

அந்தத் தொடரில் ஓக்பூன் பல வருஷம் வந்துபோனாள். ஆனால் அவள் குரல் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களில் ஒருவருக்கும் தெரியாது. கொரியச் சண்டையை வைத்துச் சிரிக்கவைக்கும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் அது. லாஸ் ஏஞ்சலிஸை ஒட்டிய காய்ந்த குன்றுகள்தான் அதில் கொரியா. கொளுத்தும் வெயிலில் நடிகர்கள் கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு வெடவெடவென்று நடுங்குவார்கள். ஓக்பூன் ஒரு வாரம் நாற்று நடுபவள், மறு வாரம் அகதி, அதற்கடுத்த வாரம் யாருக்கோ மாமியார். பாவாடை மட்டும் அதே பாவாடை.

கூட்டத்தில் நிற்பவர்களுக்கு அங்கே ஒரு சட்டம் உண்டு. பேசுவதுபோல் வாயசைக்கலாம், சத்தம் வரக்கூடாது. ஒரு சொல் வெளியே வந்துவிட்டாலும் பேசும் நடிகருக்கான கூலியைக் கொடுத்தாக வேண்டும். அதனால் உதவி இயக்குநர் டுவைட் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இவர்கள் உதடுகளையே பார்த்திருப்பான். மீன் விலை பேசுவதும் மாரடித்து அழுவதும் ஊமையாகத்தான். நிஜச் சண்டையில் தொண்டை கிழியக் கத்தியவளுக்குப் பொய்ச் சண்டையில் வாய் திறக்க அனுமதியில்லை. என்ன நியாயமோ!

அவள் கத்தியது தம்பிக்காக. பனிக்காலத்தில் ஊரே தெற்கு நோக்கி ஓடியபோது, நெரிசலில் நாலு வயதுப் பிள்ளையின் கை நழுவிவிட்டது. ஒரு சிப்பாய் அவனைத் தூக்கி லாரியில் போட்டதைப் பார்த்தாள். லாரி போய்விட்டது. அதில் போன குழந்தைகளை வெளிநாட்டுக்குத் தத்துக் கொடுத்துவிட்டார்கள் என்று பிறகு சொன்னார்கள். அமெரிக்கச் சிப்பாய் ஒருவனைக் கட்டிக்கொண்டு அவள் கடல் தாண்டியதில் பாதிக் காரணம் அந்த லாரிதான். தம்பி இந்த நாட்டில்தான் இருக்க வேண்டும் என்று நாள் தவறாமல் வேண்டிக்கொள்வாள். ஆசையாய் வைத்த பெயரெல்லாம் அவனுக்கு நினைவிருக்காது. வீட்டில் கூப்பிட்டது 'கேத்தோங்'. நாய்ப்பீ என்று அர்த்தம். பிள்ளை தங்க வேண்டும் என்று நம்மவர்கள் குப்பன், பிச்சை என்று வைப்பதில்லையா, அதுபோல.

அன்று எடுத்தது லாரிக் காட்சி. அகதிகளை ஏற்ற வேண்டும், குறுக்கே ஒரு பன்றி ஓட வேண்டும், கர்னல் சேற்றில் விழ வேண்டும். கூட்டத்திலிருந்த ஒரு குழந்தையை யாரோ தூக்கி லாரியில் வைத்தார்கள். அதைப் பார்த்ததும் ஓக்பூனுக்குச் சட்டமும் மறந்தது, டுவைட்டும் மறந்துபோனான்.

“கேத்தோங்! டேய், அக்கா இங்க இருக்கேன்டா!”

டுவைட் பாய்ந்து வந்தான். “என்னம்மா, என் வேலைக்கு உலை வைக்கிறியா?”

இயக்குநரோ, “யாருப்பா அது? உசிரு இருக்கு அந்தக் குரல்ல. அப்படியே இருக்கட்டும், கைவைக்காதே” என்றுவிட்டார்.

சாப்பாட்டு நேரத்தில், கூட நடிக்கும் மல்சூன் விழுந்து விழுந்து சிரித்தாள். “ஏண்டி, தேசம் முழுக்கக் கேக்கப்போவுதுன்னு நாய்ப்பீன்னா கத்துவே?”

“அந்த ஒரு பேருதாங்க்கா அவனுக்குத் தெரியும்.”

மல்சூன் சிரிப்பை நிறுத்திவிட்டு, தன் டப்பாவிலிருந்த கிம்ச்சி ஊறுகாயை இவள் தட்டில் தள்ளினாள்.

ஒளிபரப்பான அன்று மல்சூன் வீட்டில் கூடினார்கள். ஓக்பூன் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. லாரி வந்தது, பன்றி வந்தது. இவள் முகம் பெரிதாகத் தெரிந்தது, வாய் திறந்தது. அதே நொடியில் கர்னல் சேற்றில் விழ, ஆயிரம் பேர் சிரிப்பதுபோல் ஒரு சிரிப்பு! ஒரு எழுத்துகூடக் கேட்கவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவில்லை.

மறுநாள் ஒலிப்பதிவாளர் வெர்னனைப் பிடித்துக்கொண்டாள். “அங்க யாருமே சிரிக்கலையே ஐயா. சிரிச்சது யாரு?”

“யாருமில்லம்மா. எப்பவோ எங்கயோ சிரிச்சதைப் பிடிச்சு வச்சிருக்காங்க. கம்பெனிக்காரங்க கேக்கறாங்க, மேல பூசறோம். உன் குரல் பத்திரமா அடியில இருக்கு.”

“அடியில இருந்து யாருக்கு லாபம்?”

வெர்னனுக்கு மனசு கேட்கவில்லை போலும். “வெளிநாட்டுக்குப் போற பிரதியில சிரிப்பு கிடையாது. இங்கிலாந்து, ஸ்வீடன், அந்தப் பக்கமெல்லாம் வேணாம்னுட்டாங்க. அங்க நீ கூப்பிட்டது தெளிவாக் கேக்கும்.”

ஓக்பூன் அந்த ஊர்ப் பெயர்களை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள்.

அன்றிரவு வழக்கம்போல் கைகூப்பி உட்கார்ந்தாள். இத்தனை வருஷ வேண்டுதல் நாக்கு நுனிவரை வந்து நின்றது. அதை விழுங்கிவிட்டு, வாழ்க்கையில் முதல் முறையாக, தம்பி இந்த நாட்டில் இருக்கவே கூடாது என்று வேண்டிக்கொண்டாள்.