ஒருமணிக்காரர்

என் மனைவியின் அண்ணனுக்கு அம்மா அப்பா வைத்த பேர் ஒன்று இருக்கிறது. அது ரேஷன் கார்டோடு சரி. கட்டட வேலை நடக்கிற தெருக்களில் அவர் ஒருமணிக்காரர். மொட்டை மாடியில் மழைத்தண்ணீர் இறங்காமலிருக்கத் தார்ஷீட் ஒட்டுவது அவர் தொழில். சுருட்டிய பாய் மாதிரி வரும் அந்தக் கறுப்பு ஷீட்டின் அடிப்பக்கத்தை கேஸ் டார்ச்சின் தீயில் காட்டி, உருகிப் பளபளக்கும்போதே உருட்டி, காலால் அழுத்திக்கொண்டு போக வேண்டும். டார்ச்சை அணைத்ததும் மற்றவர்கள் சிலிண்டரை வண்டியில் ஏற்றிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் பறப்பார்கள். இவர் தன்னிடம் வேலை செய்யும் இரண்டு பேரையும் அனுப்பிவிட்டு, ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். சரியாக ஒரு மணி நேரம். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து சுவரோரமாக நடந்து, புறங்கையால் தொட்டுப் பார்த்து, மூக்கை உறிஞ்சி வாசனை பிடித்துவிட்டு மறுபடி வந்து உட்காருவார்.

இந்தப் பழக்கத்தை அவருக்கு ஏற்படுத்தியவன் நான்தான். எனக்கு இன்சூரன்ஸ் ஏஜென்ட் வேலை. சொந்தக்காரன் ஒருவன் விடாமல் எல்லோர் தலையிலும் ஒரு பாலிசியைக் கட்டியவன். மச்சானுக்குக் கட்டியது பொறுப்புக் காப்பீடு. அவருக்கு அடிபட்டால் அதில் சல்லிக்காசு வராது. அவர் செய்கிற வேலையால் அடுத்தவருக்கு அடிபட்டாலோ, அடுத்தவர் சொத்து நாசமானாலோ, அவர் கொடுக்க வேண்டிய நஷ்டஈட்டை கம்பெனி கொடுக்கும். பெரிய கட்டடங்களில் இந்தக் காகிதம் இல்லாத ஒப்பந்தக்காரரை கேட்டுக்குள்ளேயே விடமாட்டார்கள். அதனால்தான் அவரும் ஒத்துக்கொண்டார்.

விற்கிற நாங்களே படிக்காத பாலிசியை அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் படித்தார்.

"மாப்ளே, பதினோராம் பக்கத்துல என்ன போட்டிருக்கு பாத்தியா? தீ வச்சு வேலை செஞ்சா, அணைச்சதுக்கு அப்புறம் ஒரு மணி நேரம் அங்கேயே இருந்து பாக்கணுமாம். இல்லேன்னா பணம் கிடையாதாம்."

"அதெல்லாம் சும்மா போட்டு வைப்பாங்க மச்சான். நீங்க கையெழுத்தப் போடுங்க."

"சும்மா போட்டு வைக்க இது என்ன கல்யாணப் பத்திரிகையா?"

அன்றைக்கு உட்கார ஆரம்பித்தவர்தான். பதினோரு வருடம். முதலில் காகிதத்துக்குப் பயந்து உட்கார்ந்தார், பிறகு தீக்குப் பயந்து. "தீ உடனே தெரியாது மாப்ளே. சுவர் இடுக்குல போய் ஒளிஞ்சுக்கும். நாம படி இறங்கினதும் எட்டிப் பாக்கும்" என்பார். இரண்டு தடவை அப்படி எட்டிப் பார்த்ததை அவரே வாளித் தண்ணீர் ஊற்றி அணைத்திருக்கிறார். ஒரு நாளைக்கு இரண்டு மாடி முடிக்கிறவர்கள் மத்தியில் இவர் ஒன்றுதான் முடிப்பார். அதற்கேற்றபடிதான் வீடும் இருந்தது. வாடகை வீடு, இரண்டு அறை, மூச்சிரைக்கிற ஒரு பழைய வேன். என் மனைவி, "எங்கண்ணன் அடுப்பை அணைச்சாக்கூடப் பக்கத்துல ஒரு மணி நேரம் உக்காருவாரு அண்ணி, சாப்பாட்டை அங்கேயே போட்டுடுங்க" என்று அவர் மனைவியைச் சீண்டுவாள். பிழைக்கத் தெரியாத ஆள் என்று நானும் சொல்லியிருக்கிறேன், முகத்துக்கு நேராகவே.

போன வருடம் கடைத்தெருவில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியை எடுத்துச் செய்தார். கீழே பெயின்ட் கடை, நடுவில் கிடங்கு. மொட்டை மாடியின் மூலையில் பிளைவுட்டாலும் தகரத்தாலும் அடைத்த ஓர் அறை. அதில் ஒரு பெண் தையல் மெஷின் இரண்டு போட்டுப் பள்ளிக்கூடச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் வெளிநாட்டு வேலைக்கென்று போய், பேச்சையே நிறுத்திக்கொண்டவன். வேலை நடந்த நான்கு நாளும் மச்சானுக்கும் ஆட்களுக்கும் டீ போட்டுக் கொடுத்திருக்கிறாள். மச்சானும் சும்மா இருக்கவில்லை. சுவரோரம் இருந்த துணி மூட்டைகளையெல்லாம் தன் கையாலேயே அறையின் நடுவுக்குத் தள்ளி வைத்தார். அவர் பார்க்காதது ஒன்றுதான். தகரக் கூரை கைப்பிடிச் சுவரைத் தொடுகிற இடத்தில் ஒரு சந்து. மழைச்சாரல் அடிக்கிறதென்று அவள் எப்போதோ அதில் வெட்டுத்துணிகளை அடைத்து, மேலே ஒரு பலகையை வைத்து ஆணி அடித்திருந்தாள். அதை அவளே மறந்துவிட்டாள்.

நான்காம் நாள் நாலு நாற்பதுக்கு டார்ச்சை அணைத்தார். அன்று காலைதான் அவர் மனைவிக்குக் கண் ஆபரேஷன் நடந்திருந்தது. மகள் வருவதாகச் சொன்னதை நம்பி வேலைக்கு வந்தவர். நாலு ஐம்பத்தைந்துக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது: யாரும் வரவில்லை, ஆறு மணிக்குப் பூட்டிவிடுவோம், நோயாளியைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று. ஆஸ்பத்திரி ஊரின் மறுகோடியில். அவர் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்து சுவரோரம் ஒரு சுற்று நடந்தார்.

தையற்காரிதான், "கெளம்புங்கண்ணே. கண்ணைக் கட்டிக்கிட்டு அவங்க தனியா எப்படி உக்காந்திருப்பாங்க? நான் இங்கதானே இருக்கேன், நான் பாத்துக்கறேன்" என்று சொல்லியிருக்கிறாள். ஐந்து மணிக்கு அவர் படி இறங்கினார்.

ஐந்தரைக்குள் கூரையில் புகை. அவள் ஓடி வந்திருக்கலாம், கதவு பக்கத்திலேயே இருந்தது. ஆனால் உள்ளே நாற்பது பிள்ளைகளின் சீருடை, எல்லாம் அடுத்தவர் துணி. இரண்டு தடவை போய் அள்ளிக்கொண்டு வந்து மாடியில் போட்டாள். மூன்றாம் தடவை எரிகிற பிளைவுட் சரிந்து கையின் மேல் விழுந்தது. இடது கை பிழைத்தது. வலது கையில் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மடங்கிவிட்டன. அதில் கத்தரிக்கோல் என்ன, ஒரு கரண்டி கூடப் பிடிக்க முடியாது.

பெரிய டாக்டர் ஒருவர் பார்த்துவிட்டு, ஆபரேஷன் செய்தால் விரல்களைப் பிரித்து நிமிர்த்திவிடலாம், ஆனால் ஆறு மாதத்துக்குள் செய்ய வேண்டும், அதற்குமேல் போனால் இறுகிவிடும் என்றார். செலவைச் சொன்னார். அவளுடைய இரண்டு மெஷினும் தீயில் போய்விட்டன. மச்சானுடைய வேனை விற்றாலும் அதில் கால்வாசி வராது. பாலிசிப் பணம் ஒன்றுதான் வழி.

கிளெய்ம் பாரத்தில் பேர், விலாசமெல்லாம் நான்தான் நிரப்பினேன். வேலையைப் பற்றிய கேள்விகளுக்கு அவரே தன் கையால் எழுத வேண்டும். பத்தொன்பதாவது கேள்வி: தீ அணைக்கப்பட்ட பின் எவ்வளவு நேரம் கண்காணிக்கப்பட்டது?

"அறுபது நிமிஷம்னு போடுங்க மச்சான். டார்ச்சை நாலு மணிக்கே அணைச்சதா வச்சுக்கலாம்."

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். நான் விடவில்லை. "மச்சான், ஊரே உங்களை என்னன்னு கூப்பிடுது? எவன் சந்தேகப்படப்போறான்? உங்களுக்கா கேக்கறோம்? இருபதுன்னு எழுதினா நீங்க யோக்கியன், அவ கை போச்சு. எது வேணும் சொல்லுங்க."

பொய் எழுதச் சொல்வது என் தொழிலில் புதிதில்லை. எத்தனையோ பேரைக் கேட்காமலேயே நான் எழுதியிருக்கிறேன். இவரிடம் மட்டும் இரண்டு நாள் தொண்டைத்தண்ணீர் வற்றக் கத்த வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தக் கையைப் பார்த்துவிட்டு வந்தவர், பாரத்தை இழுத்து, அறுபது என்று எழுத்தாலும் எண்ணாலும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"இப்ப போய் அந்தப் பொண்ணுகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன். யாராவது கேட்டா அவளும் அதையே சொல்லணும்" என்றேன்.

"கூடாது."

"என்ன மச்சான், குழந்தை மாதிரி!"

"நான் எழுதினேன், அந்தப் பாவம் என்னோட போகட்டும். என்னால வெந்துபோய்க் கிடக்கிற பொண்ணுகிட்ட போய், நீயும் பொய் சொல்லும்மான்னு கேக்கறதா? மாட்டேன். நீயும் கேக்கக்கூடாது. என் தங்கச்சி மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன். வாழ்க்கையில் எத்தனையோ சத்தியத்தைக் காற்றில் விட்டிருக்கிறேன். இதைப் போய்க் காப்பாற்றித் தொலைத்தேன். அடிபட்டுக் கிடக்கிறவர்களை கம்பெனி அவ்வளவாகக் கேட்காது என்ற தைரியமும் ஒரு காரணம்.

சேதத்தை மதிப்பிட ஒரு சர்வேயர் வந்தார். நல்ல மரியாதையான மனிதர், அதட்டிக்கூடப் பேசவில்லை. மச்சானிடம் கேட்டார். மச்சான் தரையைப் பார்த்துக்கொண்டு "ஒரு மணி நேரம்" என்றார். சர்வேயர் அதை எழுதிக்கொண்டு, "அந்த அம்மாவையும் ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறேன்" என்றார். நானும் கூடவே போனேன்.

வார்டில் அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சர்வேயரின் கையிலிருந்த கோப்பைப் பார்த்ததும் அவளுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. போலீஸ், கேஸ், ஜெயில். மச்சானைக் கட்டிக்கொண்டு போகத்தான் ஆள் வந்திருக்கிறது என்று நினைத்துவிட்டாள். கேட்பதற்கு முன்பே ஆரம்பித்தாள்.

"அண்ணன் மேல ஒரு தப்பும் இல்ல சார். தினமும் ஒரு மணி நேரம் உக்காந்து பாத்துட்டுத்தான் போவாரு. அன்னிக்கு அவரு வீட்டம்மாவுக்குக் கண் ஆபரேஷன். போன் வந்துடுச்சு. மனசே இல்லாம நின்னுக்கிட்டு இருந்தாரு. நான்தான் சார் விரட்டினேன். இருபது நிமிஷம்கூட இருந்திருக்கமாட்டாரு. அவரைப் போகச் சொன்னது நான். எழுதிக்கோங்க, என் தப்புன்னு எழுதிக்கோங்க."

நான் இருமினேன். கட்டிலின் கால்மாட்டில் நின்று கண்ணைக் காட்டினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

"நேரம் சரியா ஞாபகம் இருக்காம்மா?" என்று சர்வேயர் கேட்டார்.

"இருக்கு சார். அவரு எறங்கும்போது சரியா அஞ்சு மணி."

அவர் எழுதினார். படித்துக் காட்டினார். அவளுடைய இடது கைப் பெருவிரலில் மை தடவி ரேகை வைத்துக்கொண்டார். எனக்கு அந்த நிமிடத்தில் அவள் மேல் வந்த கோபம் இருக்கிறதே, அதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அடிப்பாவி, வாயை மூடிக்கொண்டிருந்தால் உன் கை உனக்கு என்று கத்தத் தோன்றியது.

ஒரு மாதத்தில் கடிதம் வந்தது. நிபந்தனை மீறப்பட்டது, பொய்த் தகவல் தரப்பட்டது, கிளெய்ம் நிராகரிக்கப்படுகிறது, பாலிசி ரத்து. உண்மையையே எழுதியிருந்தாலும் பணம் வந்திருக்காது. ஆனால் மச்சானின் பேராவது மிஞ்சியிருக்கும். பொய் சொன்னவருக்கு வேறு கம்பெனியும் பாலிசி கொடுக்கவில்லை. பாலிசி இல்லாதவருக்கு எந்த கேட்டும் திறக்கவில்லை. வேனையும் டார்ச்சுகளையும் விற்று வந்ததை அவளுடைய அக்காவிடம் கொடுத்தார். அது மருந்துக்குத்தான் போதுமானதாக இருந்தது. நானும் கையிலிருந்ததைப் போட்டேன். கம்பெனிக்கு எழுதினேன், மேலதிகாரியைப் பார்த்தேன், காலில் விழாத குறை. ஆறு மாதம் முடிந்தது. இப்போது அவர் வேறொருவரிடம் தினக்கூலிக்கு ஷீட் ஒட்டுகிறார். முதலாளி கிளம்பு என்றால் கிளம்ப வேண்டியதுதான்.

ஏழாம் மாதம் அவளைப் பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அக்கா வீட்டில், சமையலறையை ஒட்டிய ஒரு சின்ன அறையில் இருந்தாள். வலது கை மடியில், மேலே ஒரு துண்டு. எங்களுக்கு நாற்காலி போடச் சொன்னாள். அக்காவின் பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம் பேசினாள். பிறகு கேட்டாள்.

"கம்பெனிப் பணம் ஏண்ணே வரல? அக்கா கேட்டதுக்கு யாரும் சரியாச் சொல்லலயாம்."

நான் மச்சானைப் பார்த்தேன். அவர் கொஞ்சமும் தயங்கவில்லை. வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்திருக்க வேண்டும்.

"தவணை கட்ட மறந்துட்டேம்மா. பாலிசி செத்துப் போச்சு. கடைசியில பாத்துட்டுத்தான் சொன்னாங்க."

"மறந்துட்டீங்களா?"

"ஆமாம்மா."

அவள் துண்டை எடுத்துவிட்டுக் கையைப் பார்த்தாள். நாங்களும் பார்க்க வேண்டியதாயிற்று.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகிடக்கூடாதுன்னு அந்த சார்கிட்ட அத்தனையும் எடுத்துச் சொன்னேனே" என்றாள். குரல் ஏறவில்லை. "நீங்க ஒரு தவணையை ஞாபகம் வச்சுக்கல."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் பொறுக்க முடியாமல் வாயைத் திறந்தேன். "மாப்ளே" என்றார். அவ்வளவுதான். நான் வாயை மூடிக்கொண்டேன்.

"இனிமே இங்க வராதீங்கண்ணே" என்றாள்.

"சரிம்மா" என்று எழுந்தார்.